மவுஸ் இல்லாத மகாராஜா

வீட்டிலிருந்த ஒரே கம்ப்யூட்டரைத் தனக்கு மட்டும் என்று ஆக்கிக்கொள்வதாகத் தரகர் ஒரு திங்கட்கிழமை காலையில் முடிவு செய்தார். காரணம், நாற்காலி. அவர் மனைவி மாணவர்களின் ஆய்வுக் கட்டுரைகளை அதில் டைப் அடித்துக் கொடுப்பாள். அவள் அடித்துவிட்டு எழுந்தால் நாற்காலி நாலு விரற்கடை தாழ்ந்திருக்கும். ஊருக்கே வீடு, மனை முடித்துக் கொடுக்கும் மனிதர், தன் வீட்டில் உட்காரும்போது தொபுக்கென்று கீழே போனால் கௌரவம் என்னாவது?

"மத்தியானம் மூணுலேர்ந்து ஆறு வரைக்கும் எனக்கு வேணுங்க. மாசக் கடைசிக்குள்ள ஒரு பிஎச்டி கட்டுரையை முடிச்சாகணும். அந்தப் பொண்ணு என்னைத்தான் நம்பியிருக்கா."

"தாராளமா. உன்னால திறக்க முடிஞ்சா உட்கார்ந்துக்கோ."

யாரோ ஒருவரின் ஆபீசில் அவர் ஒரு வித்தையைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். இரண்டு விசைகளைச் சேர்த்து அமுக்கினால் திரை நடுவில் காலியாக ஒரு கட்டம் வரும். வேண்டியதன் பெயரில் ஓர் எழுத்தோ இரண்டோ அடித்து என்டரைத் தட்டினால் அது திறந்துகொள்ளும். படத்தைத் தேடிக் குத்த வேண்டியதில்லை. அவர் அந்த வித்தையைத் தன் கம்ப்யூட்டரில் ஏற்றினார். திரையிலிருந்த படங்களையெல்லாம் துடைத்து மொட்டையடித்தார். மவுஸைக் கொண்டுபோய்ப் பழைய சாமான் கடையில் போட்டார்.

"படமெல்லாம் எங்கங்க?"

"உள்ளதான் இருக்கு. பேர் சொல்லிக் கூப்பிட்டா வரும். பேர் எனக்குத்தான் தெரியும்."

"மவுஸ்?"

"போச்சு."

"யாருக்கு?" என்று கேட்டுவிட்டு அவள் பீன்ஸ் நறுக்கப் போனாள்.

சண்டை போடாமல் போனாளே, அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும். வாயால் பிழைக்கிறவருக்குக் காது அவ்வளவாக வேலை செய்யாது. எதையும் சொல்லாமல் செய்ய அவருக்கு வராது. ஒற்றை விரலால் எழுத்தைத் தேடுவார், தேடும்போதே "பி... பி... எங்கடா போன... ஆங், பி!" என்று கூவுவார். அவள் கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக இருபத்திரண்டு வருஷம் ஒரு வக்கீல் ஆபீசில், வக்கீல் நடந்துகொண்டே சொல்லச் சொல்ல டைப் அடித்தவள். அடுக்களைக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் இருந்தது அரைச் சுவர்.

இரண்டு வாரம் தரகர் நிம்மதியாக இருந்தார். நாற்காலி உயரம் மாறவேயில்லை. ஜெயித்துவிட்டோம் என்று தெருமுனை டெய்லரிடம்கூடச் சொல்லிவிட்டார்.

பதினைந்தாம் நாள், 'பிளாட்' பட்டியலைத் திறக்க வழக்கம்போல 'பி' அடித்து, திரையைப் பார்க்காமலே என்டரைத் தட்டினார். 'செடிகளின் வேர்களில் உப்பின் பங்கு: நான்காம் அத்தியாயம்' என்று வந்து நின்றது.

"இந்த உப்பு எப்படி இங்க வந்துச்சு?"

"உப்பு டப்பாவுலதாங்க இருக்கு."

அந்தக் கட்டத்துக்கு ஒரு குணம் உண்டு. யார் அதிகம் கூப்பிடுகிறார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடும். அவர்களுடையதை முதலில் நிறுத்தும். 'பி' என்றால் பிளாட் என்று இருந்தது, பதினைந்தே நாளில் பிஎச்டி ஆகியிருந்தது.

"அப்ப நீ இதுல கை வெச்சிருக்க!"

"திறக்க முடிஞ்சா உட்கார்ந்துக்கோன்னு நீங்கதானே சொன்னீங்க? எழுந்திருக்கும்போது நாற்காலியை வேற உசத்தி வெச்சேன்."

தரகருக்குக் கோபம் தலைக்கேறியது. அன்றே எல்லாவற்றுக்கும் ரகசியப் பெயர் வைத்தார். கண்ணில் பட்டதெல்லாம் பெயரானது. பழைய பெயர் ஒன்றுகூட இனிச் செல்லாது. அவளுடைய கட்டுரைக்கும் எதையோ வைத்துப் பூட்டினார். இனி எப்படித் திறக்கிறாள் பார்க்கலாம் என்று காலாட்டிக்கொண்டு படுத்தார்.

வியாழக்கிழமை போன் வந்தது. மாதக்கணக்கில் பிடிகொடுக்காத கிராக்கி. "அஞ்சு நிமிஷத்துல பட்டியல் அனுப்புங்க. இல்லேன்னா இங்க இன்னொரு தரகர் நிக்கிறார், அவரோட போயிடுவேன்."

தரகர் கட்டத்தைத் திறந்தார். ஜன்னல் என்று அடித்தார், வரவில்லை. செருப்பு, சீப்பு, காலண்டர் என்று அடித்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. நிஜமாகவே பயந்துபோனார்.

"குடை" என்றது அடுக்களை.

"என்னது?"

"பட்டியலுக்குக் குடைன்னு வெச்சீங்க. மூணு தரம் சொல்லிச் சொல்லி அடிச்சீங்களே. என் கட்டுரைக்குத்தான் துடைப்பம்னு வெச்சிருக்கீங்க. இருக்கட்டும்."

குடை விரிந்தது. பட்டியல் போனது. கிராக்கி தங்கியது. அவள் கை துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"மூணுலேர்ந்து ஆறு வரைக்கும்?"

"உனக்குத்தான்" என்றார். வேறென்ன சொல்வார்?

கொடுத்த வாக்கு மறுநாள் காலையிலேயே உறுத்தியது. பெயர்களை இன்னொரு தடவை மாற்றிவிட்டால் தீர்ந்தது. இந்த முறை ஏமாற மாட்டார். உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டார். மூச்சுகூட விடாமல், வாயிலிருந்து ஓசை வராமல், ஒற்றை விரலால் புதுப் பெயரை ஒவ்வோர் எழுத்தாக, டக், டக்கென்று அடித்து முடித்தார். தன்னையே மெச்சிக்கொண்டு என்டருக்கு விரலைத் தூக்கினார்.

அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

"நடுவுல ஸ்பேஸ் பார் ரெண்டு தடவை விழுந்திருக்கு. அழிச்சிட்டு அடிங்க."