மாப்பிள்ளைக்கு நான் கட்டிய ஷேவிங் பிரஷ்

என் கையால் செய்த எதையும் என் குடும்பத்தார் நம்புவதில்லை. அவர்கள்மேல் தப்பு சொல்ல முடியாது.

அக்கா கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தபோது எனக்கு ஷேவிங் பிரஷ் கட்டும் பைத்தியம் பிடித்தது. மாடம்பாக்கத்தில் வீடு, பொத்தேரியில் வேலை, மிச்ச நேரமெல்லாம் வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்வது. முடியை அலசிச் சீவி, நுனி கீழே இருக்கும்படி ஒரு குழிக் கிண்ணத்தில் போட்டுத் தட்டவேண்டும். நுனிகள் மொட்டு மாதிரிக் குவிந்துவிடும். பிறகு அடியை நூலால் இறுக்கிக் கட்டி, பசை ஊற்றிக் காயவைத்து, கைப்பிடியில் பொருத்தினால் பிரஷ். (சொல்வது சுலபம்.)

முடிக்காக, கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடும் ஓர் அண்ணனைப் பெருங்களத்தூரில் பிடித்தேன்.

"வால் முடியா? இன்னாத்துக்கு சார்?"

"ஷேவிங் பிரஷ் செய்யணும்ணா."

அவர் என்னையும் குதிரையையும் மாறி மாறிப் பார்த்தார். "அது ஒத்துக்கினா எடுத்துக்கோ."

அது ஒத்துக்கொள்ளவில்லை. வாலைச் சீவும்போது உதிர்ந்து சேர்ந்ததை அண்ணனே ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்.

ஏழு பிரஷ் பாழாகி, எட்டாவது அழகாக வந்தது. மாப்பிள்ளையிடம் நீட்டினேன்.

"நீயே கட்டுனதா மச்சான்? முகூர்த்தத்தன்னிக்கு இதுலதான் ஷேவிங்!"

எனக்குத் தலைகால் புரியவில்லை.

கல்யாணத்தன்று காலை மாப்பிள்ளை அறையிலிருந்து அலறல். ஓடினேன். மூக்குக்கண்ணாடி போடாமல் (அது இல்லாவிட்டால் அவருக்குச் சுவரும் கதவும் ஒன்று) நிலைக்கண்ணாடி முன்னால் நின்றிருந்தார். நுரைக்குள்ளிருந்து கருகருவென்று தாடி.

"மச்சான், ஷேவ் பண்ணப் பண்ண வளருது!"

எனக்குப் புரிந்துவிட்டது. வெளிச்சுற்றில்தான் பசை பிடித்திருந்தது. நடுவில் சொட்டுகூட இறங்கவில்லை. நுரை பூசும்போதெல்லாம் நடுமுடி கொத்தாகக் கழன்று கன்னத்தில் ஒட்டியிருக்கிறது. பாவம், அதை மழித்துவிட்டு மறுபடி பூசியிருக்கிறார். மூன்று முறை.

"அது உங்க முடி இல்ல மாமா," என்றேன். "குதிரையோடது."

இதைவிட மோசமாக அதை விளக்க முடியாது. வாசலில் நின்ற அவருடைய அம்மா, "குதிரையா? ஐயோ, எம்புள்ளைக்கு என்னடா பண்ணே?" என்று கத்த, கீழே மேடையிலிருந்து மாப்பிள்ளையை அழைத்துவரச் சொல்லிக் குரல் வந்தது. நான் ஈரத்துண்டும் கையுமாக அவர் முகத்தில் ஒவ்வொரு முடியாகப் பொறுக்கினேன். என் கை நெருங்கும்போதெல்லாம் அவர் கன்னம் பின்வாங்கியது.

நல்ல நேரம் முடிவதற்குள் தாலி கட்டிவிட்டார். அக்காவுக்கு விஷயம் சாப்பாட்டுப் பந்தியில் தெரிந்தது. இலையிலேயே குனிந்து சிரித்தாள். அதன்பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

இன்றுவரை, நான் எதைக் கொடுத்தாலும் எங்கள் வீட்டில் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்கள். போன மாதம் அக்காவின் மூன்று வயது மகளுக்கு ஒரு பொம்மை வாங்கிப் போனேன். அதன் தலைமுடியைப் பிடித்துப் பலமாக இழுத்துப் பார்த்தாள். பிறகு தன் அப்பாவைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

"வரலப்பா. வாங்கிக்கட்டுமா?"