மருந்துக்கு முன், மருந்துக்குப் பின்

சேந்தமங்கலம் சாலையிலிருந்த அரசு நூற்பாலை ஒன்றுக்கு, தொழிலாளர்களின் மூச்சை அளக்கும் கருவி மாலை மரியாதையுடன் வந்து இறங்கியது.

மருதாசலம் அங்கே பஞ்சு உடைக்கும் பிரிவில் வேலை பார்த்தார். ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை உள்ளே நுழைந்தால் போதும், தூசியில் நெஞ்சு பூட்டிக்கொள்ளும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு சேர்வதற்குள் உயிர் போய் வரும். வாசல் காவலுக்கு மாற்றக் கேட்டு மனுக் கொடுத்தார். மூச்சுக் குறைவு ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்கப்பட்டால் கனிவுடன் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது.

மனைவி பாவாயியையும் கூட்டிக்கொண்டு போனார். கருவிக்குப் பக்கத்தில் நல அதிகாரி அருணகிரி கழுத்தில் டை கட்டி அமர்ந்திருந்தார்.

"நல்லா இழுத்து, ஒரே மூச்சா ஊதுங்க!"

மருதாசலம் ஊதினார். முள் கொஞ்சம் எழுந்து, உடனே படுத்துக்கொண்டது.

"பாதிகூட இல்லையே!" என்று அதிகாரி வியந்தார். பிறகு ஒரு சின்னக் குப்பியிலிருந்து மருந்தை அவர் வாய்க்குள் அடித்து, கால் மணி நேரம் உட்காரச் சொன்னார்.

"பாவாயி, காத்து உள்ள போவுது புள்ள!" என்றார் மருதாசலம். கண் கலங்கிவிட்டது. மறுபடி ஊதினார். முள் துள்ளி ஏறியது.

"வாழ்த்துகள்! உங்களுக்கு நோய் இல்லை. வேலைக்குத் திரும்பலாம்."

"ஏனுங்க, இது மருந்தடிச்ச மூச்சுங்களே!"

"மூச்சு உங்களுடையதுதானே? மருந்தா ஊதியது?"

"மொதல்ல பாதிதானுங்க இருந்துச்சு?"

"அது பழைய நிலவரம். அலுவலகம் கடைசி நிலவரத்தைத்தான் ஏற்கும்."

பாவாயி முன்னால் வந்தாள். "சரிங்க சாமி. அந்த மருந்தையாச்சும் குடுங்க. ஊட்டுல வெச்சு அடிச்சுக்கறோம்."

"மருந்து நோயாளிகளுக்கு மட்டும்தான், அம்மா. இவர் நோயாளி இல்லை என்று இப்போதுதானே நிரூபித்தார்?"

"மருந்து ஒடம்புக்குக் கேக்காம போயிருந்தா?"

"கேட்காத மருந்தைக் கொடுத்து என்ன பயன்?"

வீட்டுக்கு வந்ததும் பாவாயி சொன்னாள்: "அடுத்த திங்கக்கெழம மறுபடி மனுக் குடுங்க."

"எதுக்கு? மாத்தவா போறாங்க?"

"மாத்த மாட்டாங்க. ஊதிக்காட்டச் சொல்லி மருந்தடிப்பாங்க இல்லீங்களா?"

அதன்பின் திங்கட்கிழமைதோறும் மருதாசலம் மனுவோடு போனார், மருந்தோடு வந்தார். அன்றிரவு மட்டும் படுத்துத் தூங்கினார். மற்ற நாளெல்லாம் சுவரில் சாய்ந்துதான் தூக்கம். விஷயம் பரவி, சின்னான் வந்தார், வெள்ளியங்கிரி வந்தார், கடைசியில் பிரிவே வரிசையில் நின்றது. அருணகிரிக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லா அளவுகளையும் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தார்.

தலைமை அலுவலகம் ஆழ்ந்து ஆராய்ந்தது. மற்ற ஆலைகளில் தொழிலாளர் மூச்சு வருடத்துக்கு வருடம் குறைகிறது. இங்கே மட்டும் கால் மணி நேரத்தில் கூடுகிறது. ஆகவே இந்த ஆலையின் காற்று தூயது எனத் தீர்மானித்து, தூசியை இழுத்து வெளியேற்றும் விசிறிகளைக் கழற்றி வேறு ஆலைக்குக் கொண்டுபோயிற்று.

தொழிற்சங்கம் கொதித்தெழுந்தது. வேலைநிறுத்தம், கொடி, வாசற்கூட்டம். நிர்வாகம் இறங்கிவந்தது. இனிமேல் ஒவ்வொருவரும் மனு இல்லாமலே வாரம் இரண்டு முறை ஊதலாம்!

வாசலில் சரவெடி வெடித்தது. சங்கத் தலைவர் மருதாசலத்துக்கு மாலை போட்டார்.

"அந்த விசிறி எப்பங்க திரும்பி வரும்?" என்று பாவாயி தலைவரிடம் கேட்டாள்.

"வெற்றி விழாவுல என்னுங்க அந்தப் பேச்சு? ஜிலேபி எடுத்துக்கங்க."

ஜிலேபி சூடாக இருந்தது. பாவாயி இரண்டாக எடுத்துக்கொண்டாள்.