புலிக் கதவும் மான் கதவும்

ஒரு காட்டில் கரண்ட் வந்த கையோடு குளத்துக்குத் தானியங்கிக் கதவுகளும் வந்தன. மான்களுக்கு ஒன்று, ராஜா புலிக்கு ஒன்று. ஒன்று திறந்தால் மற்றது மூட வேண்டும். இரண்டையும் ஆட்டிவைத்தது ஒரு குட்டிச் சிப். அதற்கு நிரல் எழுதியவள் மங்களவல்லி என்ற கீரி.

கதவு வந்தும் மான்கள் குறைந்துகொண்டே இருந்தன. "எல்லாம் விதி," என்றார் மான் கூட்டத் தலைவர் கொம்பையா. மங்களவல்லிக்கு மனசு கேட்கவில்லை. குளக்கரையிலேயே பழியாய்க் கிடந்து பார்த்தாள். கதவு மாறுவதற்கான மணி அடித்ததும் புலிக் கதவு திறந்தது. அதற்கு அப்புறம்தான் மான் கதவு மூடியது. நடுவே கண்சிமிட்டும் நேரம் இரண்டுமே திறந்திருந்தன. ஒரு மானை அடிக்க ராஜாவுக்கு அது தாராளம்.

ஓடிப்போய் நிரலைப் பிரித்துப் பார்த்தாள். சிப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பிக் கால்களில் ஒன்று புலிக் கதவுக்கு, இன்னொன்று மான் கதவுக்கு. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டளை எழுதியிருந்தாள். சிப் ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டது. இரண்டு கால்களும் ஒரே கட்டளையில் சேர்ந்து மாறும்படி உடனே திருத்தினாள்.

அதற்குப் பிறகு ஒரு மான்கூடச் சாகவில்லை. பாராட்டு விழா வைப்பார்கள் என்று வாலை நீவிக்கொண்டு காத்திருந்தாள். விசாரணை வைத்தார்கள்.

"யாரைக் கேட்டு மாற்றினாய்?" என்றார் ராஜா. அவருக்கு விலா எலும்பு தெரிந்தது.

"நிரலில் தப்பு இருந்தது, மகாராஜா."

"தப்பா? அது என் சாப்பாடு!"

அவள் மான்கள் பக்கம் திரும்பினாள். "கொம்பையாண்ணே, நீங்களாவது சொல்லுங்க."

கொம்பையா தொண்டையைச் செருமினார். "கேளும்மா. முன்னெல்லாம் ஒரு மான் போனா அரண்மனையிலேர்ந்து கட்டுக்கட்டா நிவாரணப் புல் வரும். அதைப் பங்கு பிரிக்கத்தான் எனக்குத் தலைவர் பதவியே. இப்ப புல்லும் இல்ல, பதவியும் ஆடுது. பழையபடியே இருக்கட்டும்."

மான்களெல்லாம் குளம்பு தட்டி ஆமோதித்தன. திருத்தத்தால் உயிர் பிழைத்ததுகள்தான் பலமாகத் தட்டின.

மங்களவல்லி போய்க் கட்டளையை மறுபடி இரண்டாக உடைத்தாள். அந்தக் கண்சிமிட்டும் நேரத்துக்கு ராஜா 'நல்லிணக்க இடைவெளி' என்று பெயர் சூட்டி, அவளைத் தலைமைப் பொறியாளர் ஆக்கினார். சாயங்கால மணி அடித்தபோது அவள் காதைப் பொத்திக்கொண்டாள். கொம்பையா புல் இறக்க இடம் பெருக்கிக்கொண்டிருந்தார்.

நீதி: பிழையைத் திருத்துமுன் அதைத் தின்று வாழ்கிறவர்கள் யார் யாரென்று விசாரித்துக்கொள்ளவும். அவர்களில் பாதிப் பேர் மான்களாக இருப்பார்கள்.