வெள்ளைப் பக்கத்துக்கு விழுந்த கைதட்டல்

வைரல் ஞானி வந்துவிட்டார்! பத்திரிகை ஆசிரியர்கள் அவருடைய அறை வாசலில் செருப்பைக் கழற்றிப்போட்டு முண்டியடித்தார்கள். யாருமே படிக்காத பத்திரிகைக்கும் இணையத்தில் வாசகர் கூட்டத்தைச் சேர்த்துவிடுவாராம். வழி எளிது. ஞானி மூச்சை ஊதி, ஒரு முத்திரைப் படத்தை அனுப்புவார். வாசகர் குழுவில் எதைப் போட்டாலும் மூலையில் அதை ஒட்டிவிட வேண்டும். பாராட்டு கொட்டும்! படக்கோப்பில் மூச்சு எங்கே ஒட்டியது என்று யாரும் கேட்கவில்லை. அடுத்தவர் கட்டுரையில் ஒரு கால்புள்ளி நகர்ந்தால் வானுக்கும் பூமிக்கும் குதிப்பவர்கள்தான் அத்தனை பேரும்.

ஒரு கதைப் பத்திரிகை ஆசிரியரும் மயங்கினார். அவருடைய வாசகர் குழுவை நடத்திவந்தவள் அவர் தங்கை. கதை பிடிக்கவில்லை என்பவரிடம் ஏன் என்று கேட்பாள். சண்டை மூண்டால் விலக்குவாள்.

“இனி நீ வேலைக்கு வரவேண்டாம்மா. முத்திரையே பார்த்துக்கும்.”

“சரிண்ணே. போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சோதிச்சுப் பார்த்துடறேன். ஞானியையும் கூப்பிடுங்க.”

ஞானி பரிவாரத்தோடு வந்து அமர்ந்தார். தங்கை முதலில், அண்ணன் எழுதிய புதுக் கதையை முத்திரை இல்லாமல் குழுவில் போட்டாள். “நடுவுல இழுக்குது” என்று ஒரே ஒருவர் எழுதினார்.

“பார்த்தீங்களா! முத்திரை இல்லேன்னா மதிப்பில்லை” என்றார் ஞானி.

அடுத்து ஒரு வெள்ளைப் பக்கம். ஓர் எழுத்துகூடக் கிடையாது. மூலையில் முத்திரை மட்டும்.

கொட்டியது மழை! “கண் கலங்கிட்டேன்!” “என்ன நடை!” “இந்த முடிவை எதிர்பார்க்கவே இல்லை!”

“யாரை நினைச்சு அழுதீங்க?” என்று அதே முத்திரையை ஒட்டிக் குழுவில் கேட்டாள் தங்கை.

“அருமை! தொடருங்கள்!” என்று வந்தது பதில்.

ஞானி எழுந்தார். “வெறுந்தாள்லயும் என் சக்தி அவங்களுக்குக் கதையைக் காட்டுது!”

“அப்போ எங்களுக்கும் அந்தக் கதையைச் சொல்லுங்க சாமி. யார் செத்தாங்க?” என்றாள் தங்கை.

ஞானிக்கு இருமல் வந்துவிட்டது.

சூட்சுமம் இதுதான். அந்த ‘வாசகர்கள்’ ஞானி குழுவில் நுழைத்துவைத்த, ஆளில்லாத போலிக் கணக்குகள். ஒரு கணினி நிரல் குழுவை உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்கும். முத்திரைப் படம் தென்பட்டால், தயாராக வைத்திருக்கும் பாராட்டுகளை ஆளுக்கொன்றாகப் போட்டுவிடும். அதற்குப் படத்தை அடையாளம் காணத் தெரியும். கதை படிக்கத் தெரியாது.

ஞானி நழுவினார். அண்ணன் தலையைச் சொறிந்தார். “நாளைக்கு வந்துடும்மா.”

“வர்றேன். முதல்ல அந்த ஒருத்தருக்கு நீங்களே பதில் எழுதுங்க. உண்மையிலேயே நடுவுல இழுக்குதுண்ணே.”

கைதட்டும் கூட்டத்தைக் கண்டு புல்லரிப்பவர்களே, அதனிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். கேட்கப் பயமாக இருந்தால், ஞானியைத் தலையில் ஊதச் சொல்லிக் குனிந்தே நில்லுங்கள். மூளைக்காவது கொஞ்சம் காற்று போகட்டும்.