ஷேர் பண்ணி குந்து

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுற துலுக்கானத்துக்கு ஒரே ஒரு பேப்பர்தான் வேணும். பொண்ணு கார்த்திகாவோட பொறப்பு சர்ட்டிபிகேட். சாயங்காலத்துக்குள்ள குடுத்தாதான் இஸ்கூல்ல சேத்துப்பாங்க. ஆகையால, மேற்படியார் காலங்காத்தால சட்டையை மாட்டிகினு, உரிய பணிவோட, பதிவு ஆபீசாண்ட ஆஜரானாரு.

கீழ ஷோபனா மேடம். ஜன்னல் படம் போட்ட பழைய கம்ப்யூட்டரு.

"பொறப்பு, எறப்பு எழுதுற பைலை மாடில விஷால் சார் தொறந்து வெச்சிகீறாரு அண்ணாத்தே. அவரு மூடினாதான் எனக்குத் தொறக்கும்."

மாடி ஏறினாரு. அங்க பெங்குவின் படம் போட்ட புது கம்ப்யூட்டரு. இப்ப அதான் பேஷன், பக்கத்து ஆபீஸ்ல வாங்கிட்டாங்கன்னு இவங்களும் வாங்கினது.

"நான் அப்பவே மூடிட்டேனேபா!" விஷால் சிரிச்சான். "இங்க மூடினது அங்க தெரியாது. அங்க பூட்டினது இங்க தெரியாது. ரெண்டும் வேற வேற ஜாதி கம்ப்யூட்டரு."

"அப்ப நீயே அடிச்சிக் குடு நைனா."

"பிரிண்டரு கீழ கீது."

ஏறி எறங்கியே துலுக்கானத்துக்கு முட்டி கழண்டு போச்சு. கடைசியில பெரிய ஆபீசர் பக்தவத்சலம் எழுந்தருளினாரு.

"பொதுமக்கள் நலன் கருதி, ஒருத்தர் தொறந்தா இன்னொருத்தருக்கு வுழுற அந்தப் பூட்டையே எடுத்துட்டா இன்னா?"

"சார், ரெண்டு பேரும் ஒரே எடத்துல எழுதிட்டா?"ன்னு ஷோபனா பதறிச்சி.

ஆபீசர் துலுக்கானத்தாண்ட திரும்பினாரு. "ஏன்யா, உன்து ஷேர் ஆட்டோதானே? டிரைவர் சீட்டுல எத்தினி பேரு?"

"நானு, எனக்கு இந்தாண்ட ஒருத்தரு, அந்தாண்ட ஒருத்தரு சார்."

"வண்டி ஓடுதா?"

"சும்மா பறக்குது சார்!"

"கேட்டியாம்மா? ஷேர்னா ஷேரு. பூட்டைத் தூக்கு!"

தூக்கினாங்க. மாடில விஷால் கார்த்திகா பொறந்ததை அடிச்சான். அதே நேரத்துல கீழ ஷோபனா, முத்தாபுதுப்பேட்டை பெரியவர் எத்திராஜ் செத்ததை அடிச்சிச்சி. ரெண்டும் ஒண்ணு மடில ஒண்ணு குந்திகிச்சி. பிரிண்டரு துப்பி, ஷோபனா சீல் குத்தின பேப்பரைத் துலுக்கானம் எழுத்துக் கூட்டிப் படிச்சாரு. கார்த்திகா. பெண். தகப்பன் பேரு துலுக்கானம். வயோதிகம் காரணமாக இயற்கை எய்தினார்.

"சார்! என் பொண்ணு ஊட்டாண்ட பாண்டி ஆடிகினு கீது சார்!"

"அது உன் ஊட்டு சமாச்சாரம். ஆபீஸ் சமாச்சாரம் இதான்."

"மாத்திக் குடு சார்!"

ஷோபனா தட்டிப் பாத்துச்சி. "பூட்டு மறுபடி வுழுந்துடுச்சி சார். யாரோ பைலைத் தொறந்து வெச்சிகீறாங்க."

ஷேர் எப்டி ஓடுதுன்னு, பூட்டு எடுக்காத தன் ரூம் கம்ப்யூட்டர்ல பைலைத் தொறந்து பாத்துட்டு, மூடாமலே வந்த ஆபீசர், மோட்டுவளையைப் பாத்தாரு. "சீல் நேரா வுழுந்துச்சா?"

"நேராதான் சார் கீது." ஷோபனா பேப்பரை எட்டிப் பாத்துச்சி.

"அப்ப இன்னா? போய்க்கினே இரு!"

மணி ஆயிடுச்சி. துலுக்கானம் பேப்பரோட இஸ்கூலுக்கு ஓடினாரு. அங்க சீலைப் பாத்தாங்க, சேத்துகினாங்க. மத்த எழுத்தை யாரும் படிக்கல. துலுக்கானமும் வாயைத் தொறக்கல.

மொத நாளு. டீச்சர் பேரு கூப்டாங்க. "எத்திராஜ்?"

யாரும் எழுந்திருக்கல. டீச்சர் நோட்டை மூடினாங்க.

"டீச்சர், என் பேரு வரலியே! நான் கார்த்திகா!"

டீச்சர், பதிவு ஆபீஸ்லேர்ந்து வந்த பேப்பரைப் பொரட்டினாங்க. "நீ வயசாகிப் போய் சேந்துட்டேன்னு போட்டுகீது கண்ணு. பொறந்தது எத்திராஜ்னு கீது, உன் எடம் அந்தப் பையனுக்கு. பரவால்ல, அவன் வந்தா கொஞ்சம் நவுந்து, ஷேர் பண்ணி குந்து."