ரோவெனாவுக்குச் சேர வேண்டிய கைகுலுக்கல்

ரோஸ்ட்ரப், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள போடில் அக்காவுக்கு, தம்பி ஹென்னிங் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என் முட்டியைத் தவிர எல்லாரும் சௌக்கியம். அங்கே நீயும் அத்தானும் சுகந்தானே?

என் மருமகள் ரோவெனாவுக்கு டென்மார்க் குடியுரிமை கிடைத்த கதையை ஊரார் திரித்துச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். பிலிப்பைன்ஸிலிருந்து வந்து ஒன்பது வருஷம் முதியோர் இல்லத்தில் நம்ம ஊர்க் கிழங்களைக் குளிப்பாட்டி, பரீட்சையும் பாஸ் பண்ணிவிட்டாள். பாக்கி இருந்தது ஒன்றுதான். நகராட்சி மண்டபத்தில் மேயரம்மாவோடு கையுறை இல்லாமல் கை குலுக்க வேண்டும். குலுக்காவிட்டால் குடியுரிமை இல்லை, சட்டம் அப்படி. மகன் யெஸ்பர் கப்பல் வேலைக்குப் போயிருந்ததால் நான் துணைக்குப் போனேன், என் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு. பட்டனுக்கு வயிறு சம்மதிக்கவில்லை. மண்டபத்தில் ஆளுக்கொரு குட்டிக் கொடியும் காபியும் கொடுத்தார்கள். எனக்கு உடனே அப்பா ஞாபகம். போலந்திலிருந்து சர்க்கரை ஆலைக்கு பீட்ரூட் பிடுங்க வந்த மனுஷனுக்குக் குடியுரிமை தபாலில்தான் வந்தது, அன்றைக்கும் வயலுக்குத்தான் போனார். பள்ளிக்கூடத்துல நம்மளை பீட்ரூட்டுப் பசங்கன்னு கூப்பிடுவாங்களே, முட்டைக்கோஸ் ஊறுகாய் நாறுதுன்னு பக்கத்துல உட்கார மாட்டாங்களே, நீ ஒருத்தன் மூக்குல குத்தினியே, அந்த நினைப்புல இருந்தப்ப "யானோவ்ஸ்கி"ன்னு நம்ம வீட்டுப் பேரைக் கூப்பிட்டாங்க. நினைப்பிலேயே எழுந்து போயிட்டேன் அக்கா. மேயரம்மா என் கையைப் பிடிச்சு, "டென்மார்க்குக்கு வாங்க, மொழி பழகிடுச்சா?"ன்னாங்க. எழுபது வருஷமாப் பழகிக்கிட்டிருக்கேன்னு சொன்னேன். எல்லாரும் கைதட்டினாங்க. குமாஸ்தா பட்டியல்ல டிக் போட்டுட்டார்.

பின்னாடியே ரோவெனா வந்து நின்னா, யானோவ்ஸ்கி முடிஞ்சுதுங்கறார் குமாஸ்தா. அவ விளக்கி முடிக்கறதுக்குள்ள மேயரம்மா வேற கூட்டத்துக்குக் கிளம்பிட்டாங்க. விட்டா அடுத்த விழா ஆறு மாசம் கழிச்சு. அவ முகத்தைப் பார்க்க முடியலை. இந்த முட்டியை வச்சுக்கிட்டு ஓடிப்போய் மேயரம்மா காருக்கு முன்னால நின்னேன். "மாமா, நகருங்க"ன்னு ரோவெனா ஜன்னலுக்குள்ள கையை நீட்டிட்டா.

"மேடம், இவர் என் மாமனார். பொறந்ததுலேருந்து உங்க ஊர்க்காரர்தான். எனக்கும் ஒண்ணு குடுத்துட்டுப் போங்க."

மேயரம்மா சிரிச்சுக்கிட்டே இறங்கி, கார் நிறுத்துற இடத்துலயே முறைப்படி குலுக்கினாங்க. குமாஸ்தா மூச்சிரைக்க வந்து சாட்சிக்கு நின்னார்.

சனிக்கிழமை கொடியேற்றிக் கேக் வெட்டுகிறோம், அவசியம் வரவும். நினைவு தப்பின கிழவனைத் திட்டுவதை நேரில் வைத்துக்கொள். கடவுள் உங்கள் இருவருக்கும் நல்ல தூக்கமும் நல்ல பல்லும் தரட்டும்.

உன் தம்பி,
ஹென்னிங்

பி.கு.: நினைப்பில் எழுந்தேன் என்று எழுதினது பொய். அது அவ முறைன்னு நல்லாத் தெரியும். நீ கல்யாணம் பண்ணி ஹான்சன்னு பேரை மாத்திக்கிட்டே, உனக்குப் புரியுமோ என்னவோ. நம்ம வீட்டுப் பேரை ஒரு மேடையிலேருந்து மரியாதையாக் கூப்பிட்டு, வாங்கன்னு சொல்லி நான் கேட்டதே இல்லை. கால் தானா மேடைக்குப் போயிடுச்சு. ரோவெனாகிட்ட சொல்லிடாதே.