கல்லை எப்போது புரட்டுவீர்கள்?

பாசமுள்ள மருமகனுக்கு மாமா எழுதுவது. நீயும் உன் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கும் எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உன் அத்தையின் இதய வால்வைத் தவிர என்று சேர்த்துப் படித்துக்கொள்.

அதை மாற்றியே ஆகவேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாடிப்படியில் பாதி ஏறியதும் அத்தை நின்று, கைப்பைக்குள் சாவியைத் தேடுவதுபோல் நடிக்கிறாள். சாவி என் கையில் இருப்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் ஆஸ்பத்திரியில் குறித்த தேதியை இரண்டு முறை தட்டிக் கழித்துவிட்டாள். காரணம், நீ படத்தொகுப்பு செய்கிற இயேசு தொடர். ஒரு நாள் விடாமல் பார்க்கிறாள். சீடன் பேதுரு தீயோரம் நின்று இயேசுவைத் தெரியாது என்று சொன்னபோது, "இத்தனை நாள் கூடவே உட்கார்ந்து சாப்பிட்டியே, வெட்கமா இல்ல?" என்று இவள் போட்ட சத்தத்தில், என்னைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்துப் பக்கத்து வீட்டுத் தையல்காரர் சமாதானம் பேச ஓடிவந்தார். வந்தவர் உட்கார்ந்து மீதியையும் பார்த்துவிட்டுப் போனார்.

"எப்பம்மா அட்மிட் ஆகப்போறீங்க?" என்று டாக்டர் கேட்டதற்கு, "அவர் எழுந்திரிச்சதைப் பார்த்துட்டுத்தான் நான் படுப்பேன்" என்றாள். டாக்டர் உடனே என் நாடியைப் பிடித்து, "சாருக்கு என்ன பண்ணுது?" என்றார். நர்ஸ்தான் காப்பாற்றினார்: "அது இயேசு சீரியல் டாக்டர். இன்னும் தீர்ப்பே வரல."

வகுப்பில் நின்று பழகியவன், ஓர் உதாரணம் சொல்கிறேன். பரீட்சை நெருங்கிய பிறகும் முதல் பாடத்தின் தலைப்பையே விளக்கிக்கொண்டிருக்கும் வாத்தியாரை நினைத்துப்பார். தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பிலாத்து கை கழுவ உங்களுக்கு ஒரு வாரம் ஆனது. ஒரு சொட்டுத் தண்ணீர் விழுகிறது, கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகக் காட்டுகிறீர்கள், இடி இடிக்கிறது, உடனே சோப்பு விளம்பரம். அந்தப் பகுதியை வேதத்திலிருந்து நானே வாசித்துக் காட்டுகிறேன் என்றேன். "எனக்குத் தெரியாத கதையா? என் கண்ணால பார்க்கணும்" என்கிறாள். அவர் உயிர்த்தெழுவது எப்போது என்று உன்னிடம் போனில் கேட்டால், "கல்லறைக் கல்லே இன்னும் ரெடியாகல மாமா. பலகையில செஞ்சது, பெயிண்ட் காயல" என்கிறாய். அந்தப் பெயிண்ட் காயும் வரை இந்த வால்வு தாங்குமா என்பதை எவரும் எனக்கு உறுதியாகச் சொல்லவில்லை.

மதியம் அவள் கண்ணயரும்போது பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவளிடம் தைரியசாலி மாதிரிதான் பேசுகிறேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை. டைரக்டர் காலில் விழுந்தாவது சிலுவைப் பாதையைச் சுருக்கு. இடியைக் குறை. இந்த வாரமே கல்லைப் புரட்டி அவரை வெளியே கொண்டுவா.

உன் கண்ணுக்கும் கைக்கும் ஒரு குறையும் வராமல் கர்த்தர் காக்கட்டும். அம்மாவிடம் இந்த விஷயத்தை மெல்லச் சொல்.

அன்புடன்,
மாமா

பின்குறிப்பு: உறை வாங்கக் கடைக்குப் போய் வருவதற்குள் அத்தை இதைப் படித்துவிட்டாள். "புள்ளை வேலைக்கு உலை வைக்கிறீங்களா?" என்று முதலில் ஒரு பாட்டு விட்டாள். பிறகு கடைசிப் பக்கத்தை மடியில் வைத்து இன்னொரு முறை படித்தாள். "உங்களுக்கும் பயமா? நான் மட்டும்தான்னு நினைச்சேனே" என்றாள். அவளே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். நாளைக் காலையில் சேர்க்கிறோம்.

ஆகவே மேலே எழுதிய எதையும் செய்யாதே. சிலுவைப் பாதையை இழு, இடியைக் கூட்டு, இன்னும் நாலு விளம்பரம் போடு. உன் அத்தை சொல்லச் சொன்னது இது: "நான் கண்ணு முழிக்கிற வரைக்கும் அவரை எழுப்ப வேண்டாம்."